வான்வழியே ஓர் உயிர்ப்பெட்டி

1967 டிசம்பர் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் ஒரு மனிதரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தி உலகை வியப்பில் ஆழ்த்தினார் என்பதை நாம் அறிவோம். அன்று ஈந்தவரும் ஏற்றவரும் ஒரே மருத்துவமனையில், அடுத்தடுத்த அறுவைக்கூடங்களில் இருந்தனர். அந்த இதயம் கடந்த தொலைவு சில அடிகளே! இன்றோ, ஓர் ஊரில் மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் நூற்றுக்கணக்கான கல் தொலைவிலுள்ள வேறோர் ஊரில் ஒருவரை வாழ வைக்கிறது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே அதனைச் சுமப்போர் மருத்துவர் அல்லர்; வண்டியோட்டி, சரக்கு அலுவலக எழுத்தர், பெட்டி தூக்கும் தொழிலாளி ஆகியோரே. அவர்கள் கையில் உள்ள அந்தப் பெட்டியைப் பற்றியதே இக்கட்டுரை.

உடலிலிருந்து பிரிந்த உறுப்புக்கு உயிர்வளி இல்லை; உணவும் இல்லை. ஆயினும் அதன் செல்கள் உடனே மடிவதில்லை. வெப்பநிலை 10 டிகிரி குறையுந்தோறும் செல்லின் வேதிவினைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றன. எனவே 37 டிகிரியிலிருந்து 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் கொண்டுவந்தால், பத்தில் ஒரு பங்குத் தேவையோடு உறுப்பு பொறுத்திருக்கும். ஆனால் குளிரிலும் ஒரு தொல்லை உண்டு. செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றிக் கொண்டிருந்த சவ்வின் வேலையும் குளிரில் ஓய்ந்துவிடுகிறது. சோடியம் உள்ளே நுழைகிறது, அதனைத் தொடர்ந்து நீர் நுழைகிறது, செல் ஊதிப்போகிறது. 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சதர்ட் என்னும் இருவர் இதற்கு வழி கண்டனர். செல்லுக்குள் எளிதில் புகமுடியாத லாக்டோபயோனேட், ராஃபினோஸ் ஆகிய பெரிய மூலக்கூறுகளைக் கரைசலில் சேர்த்து, நீரை வெளியிலேயே பிடித்து வைத்தனர். உலர்ந்த திராட்சையை நீரிலிட்டு நாம் வகுப்பில் கற்ற சவ்வூடு பரவல் இங்கே உயிர் காக்கும் கருவியாகிவிட்டது.

இத்தனை செய்தும் கிடைக்கும் அவகாசம் சிறிதே. இதயத்திற்கு 4 முதல் 6 மணி நேரம். கல்லீரலுக்கு ஏறக்குறைய 12 மணி. சிறுநீரகத்திற்கு 24 முதல் 36 மணி. ஆதலால் இதயம் பெரும்பாலும் மருத்துவர் துணையோடு தனி விமானத்தில் பறக்கிறது. சிறுநீரகமோ பல வேளைகளில் பயணிகள் விமானத்தில், மற்றப் பொருள்களோடு பொருளாகச் செல்கிறது.

கட்டும் முறையைப் பார்ப்போம். உறுப்பு கரைசலோடு ஒரு தூய பையில் இடப்பெறும். அதன்மேல் இன்னொரு பை, அதன்மேல் மற்றொன்று; பிறகு வெப்பம் புகாத பெட்டியில் நொறுக்கிய பனிக்கட்டி. பனிக்கட்டி உறுப்பை நேராகத் தொடலாகாது. உறுப்பு உறைந்தால் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். பைக்குள் காற்று தங்கலாகாது என்பதும் விதி. பறக்கும் விமானத்தின் உள்ளே உள்ள காற்றழுத்தம், ஏறத்தாழ 8000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமமாகும் வரை குறையலாம். தரையில் அடைத்த காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு விரியும். பாயிலின் விதியைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்!

குருதியின் கதை இன்னும் சிக்கலானது. இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல், அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியப் போர்முனைக்கும் பசிபிக் தீவுகளுக்கும் முழுக்குருதியை விமானத்தில் அனுப்பினார்கள். இன்று அதனைப் பிரித்தே அனுப்புகிறோம். பிரித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குளிர். செவ்வணுக்களை 2 முதல் 6 டிகிரியில் வைத்துப் பேணுவர். பயணத்தின்போது 10 டிகிரியைத் தாண்டலாகாது. பிளாஸ்மா உறைந்த நிலையிலேயே செல்ல வேண்டும். தட்டணுக்களுக்கோ வழக்கமாக 20 முதல் 24 டிகிரி. மெல்ல அசைத்துக்கொண்டும் இருக்க வேண்டும். ‘குருதிதானே, பனிக்கட்டியில் வை’ என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் செய்தால், அந்தத் தட்டணுக்கள் நோயாளியின் உடலில் ஏறியபின் விரைவிலேயே அகற்றப்பட்டுவிடும். மூன்று பெட்டிகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வேறுபாட்டைச் சொல்வது மேலே ஒட்டிய சீட்டு ஒன்றுதான்.

பிளாஸ்மாவை உறைய வைக்கும் உலர் பனிக்கட்டி, அதாவது திண்ம நிலையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரியில் நேரே வாயுவாகிறது. வாயு வெளியேற வழியின்றிப் பெட்டியை இறுக மூடினால் அது வெடிக்கும். அடைபட்ட சரக்கறையில் வாயு நிறைந்தால் அங்குள்ள உயிர்களுக்கு மூச்சு முட்டும். எனவே சரக்கு விதிகளின்படி மாற்று உறுப்பும் நோயாளிக்கு ஏற்றும் குருதியும் ஆபத்தான சரக்குகள் அல்ல. அவற்றைக் காக்கும் உலர் பனிக்கட்டியே ஆபத்தான சரக்கு! அதற்கென ஐ.நா. எண் 1845 உண்டு.

அறிவியல் இவ்வளவு செய்து முடித்த பின்னும் இடர் நேர்வது எங்கே? வானில் அன்று, தரையில்தான். 2018 டிசம்பரில் சியாட்டிலிலிருந்து டல்லாஸ் நோக்கிப் பறந்த சௌத்வெஸ்ட் விமானம் ஒன்று பாதி வழியில் திரும்ப நேர்ந்தது. முந்தைய பயணத்தில் வந்த ஒரு மனித இதயத்தைச் சியாட்டிலில் இறக்க மறந்துவிட்டனர்! நல்வாய்ப்பாக, அது வால்வுத் திசுவுக்காக அனுப்பப்பட்டது; அறுவை மேசையில் அதற்காக எவரும் காத்திருக்கவில்லை. உரிய நேரத்திற்குள் சேர்ந்தும்விட்டது. எல்லாப் பெட்டிக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை. 2014 முதல் 2019 வரை அமெரிக்காவில் போக்குவரத்துக் கோளாறுகளால் ஏறக்குறைய 170 உறுப்புகள் எவருக்கும் பயன்படாமல் போயின என்று 2020இல் பத்திரிகையாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். தபால் சிற்றுந்தில் தவறவிட்ட கடிதத்தை மறுநாள் சேர்த்துவிடலாம். சிறுநீரகத்தை அவ்வாறு சேர்க்க முடியுமா?

இதற்கு ஒரு காரணம் எளிதாகப் புலப்படுகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன் அந்நாட்டில் உறுப்புப் பெட்டியை விமானத்தின் வாயில்வரை எடுத்துச் சென்று, பணியாளர் கையில் கொடுக்க முடிந்தது. பாதுகாப்பு விதிகள் இறுகிய பின்னர் அது சரக்கு அலுவலகத்திற்கு மாறியது. புறப்பாட்டுக்கு வெகு நேரம் முன்பே பெட்டியை ஒப்படைக்க வேண்டும். இறங்கிய பின்னும் அலுவலகம் திறந்திருக்க வேண்டும். பெட்டி கைமாறும் இடங்கள் பெருகின. கடிகாரமோ நிற்கவில்லை. உறுப்புப் பெட்டிகளை மீண்டும் பயணிகள் பகுதியில் கொண்டுசெல்வதற்கான நடைமுறைகளை வகுக்க ஒரு குழுவை அமைக்குமாறு 2024இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.