அனுதின ஒழுங்கு: ஆசீர்வாதமும் ஆபத்தும்

வாசிக்க வேண்டிய பகுதி: தானியேல் 6:1-11; நியாயாதிபதிகள் 16:18-21



"பிரதர், நீங்க எத்தனை மணிக்கு எழும்புறீங்க?" என்று நாம் ஒருவரையொருவர் கேட்பதுண்டு. நாலு மணி என்று சொல்லுகிறவரைப் பார்த்து "ஸ்தோத்திரம்" என்கிறோம். பதினோரு மணி என்று சொல்லுகிறவர் தலையைக் குனிந்துகொள்ளுகிறார். அவர் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து, விடிந்தபிறகு படுத்தவர் என்பதை யாரும் விசாரிக்கிறதில்லை. ஆகவே அனுதின ஒழுங்கு நமக்கு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று இந்த மாதம் தியானிப்போம்.

இதற்கு ஜான் வெஸ்லியின் (1703-1791) வாழ்க்கை நல்ல பாடம். அவருடைய தாய் சூசன்னாள் 19 பிள்ளைகளைப் பெற்றவர். அதில் பலர் குழந்தைகளாகவே மரித்துப்போனார்கள். தகப்பனாரோ கடனுக்காக 1705-ல் சிறைக்குப் போனவர். இப்படிப்பட்ட வீட்டில் அந்தத் தாய், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியே உட்கார்ந்து ஆத்தும காரியம் பேச ஒவ்வொரு சாயங்காலத்தை ஒதுக்கிவைத்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. அவர் வளர்ந்து ஆளான பிறகும், எனக்காக அந்த வியாழக்கிழமை நேரத்தைக் கொடுங்கள் என்று தாய்க்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஒழுங்கில்லாத வீட்டில் சத்தமாய் அழுகிற பிள்ளைக்குத்தான் நேரம் கிடைக்கும். வாயைத் திறக்காத பிள்ளை விடுபட்டுப்போகும். தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்கள் வீட்டில் அந்த வாய் திறக்காத பிள்ளை யார்?

வாலிபத்தில் வெஸ்லிக்கு ஒரு தொந்தரவு இருந்தது. ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணிக்கு விழிப்பு வந்துவிடும்; அப்புறம் தூக்கம் வராது. என் சரீரத்துக்குத் தேவையானதற்கு மேல் படுக்கையில் கிடக்கிறேன், அதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். ஒரு அலாரம் வாங்கினார். முதல் நாள் காலை ஏழு மணிக்கு எழுந்தார்; அன்று ராத்திரியும் விழிப்பு வந்தது. மறுநாள் ஆறு, அடுத்த நாள் ஐந்து. அப்போதும் விழிப்பு விடவில்லை. நாலாம் நாள் நாலு மணிக்கு எழுந்தார். அதற்குப்பின் இடையில் விழிப்பே இல்லை! அறுபது வருஷமாய் அப்படியே எழும்புகிறேன் என்று முதிர்வயதில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். நாமோ அலாரம் அடித்ததும் கையை நீட்டி அமுக்கிட்டு, மறுபடியும் போர்வைக்குள்ளே போயிடுவோம்!

ஆனால் அந்தப் பிரசங்கத்திலே நாம் கவனிக்காமல் விடுகிற இரண்டு காரியங்கள் உண்டு. எல்லாருக்கும் ஒரே அளவு தூக்கம் போதாது, சிலருக்கு அதிகம் வேண்டும் என்று அவரே ஒத்துக்கொள்ளுகிறார். இன்னொன்று, சீக்கிரம் எழும்ப வேண்டுமானால் சீக்கிரம் படுக்க வேண்டும்; எவ்வளவு அருமையான சிநேகிதர் வற்புறுத்தினாலும் படுக்கிற நேரத்தை விட்டுக்கொடுக்காதே என்கிறார். பதினொன்றரை வரைக்கும் செல்போனைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு எழும்புகிறவன் ஜெபத்திலே தூங்கிப்போகிறான். அதைச் சத்துருவின் போராட்டம் என்று சாட்சி சொல்ல வேண்டாம்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். ஆக்ஸ்போர்டில் வெஸ்லியும் நண்பர்களும் மணிக்கணக்குப்படி வாழ்ந்தார்கள். உபவாசித்தார்கள், சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்தார்கள். "மெதடிஸ்டு", அதாவது முறைப்படி நடக்கிறவர்கள் என்று மற்ற மாணவர்கள் கேலியாய் வைத்த பேர்தான் பிற்பாடு ஒரு சபைக்கே பேரானது. 1735-ல் அவர் அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். கப்பலிலும் அதே ஒழுங்கு: காலை நாலு முதல் ஐந்து வரை தனி ஜெபம், பிறகு வேதவாசிப்பு. 1736 ஜனவரியில் பெரும்புயல் வந்தது. பாய்மரத்தின் பெரிய பாய் கிழிந்து, தண்ணீர் தளத்தின்மேல் புரண்டது. ஆங்கிலேயர் அலறினார்கள். மொராவியச் சபையைச் சேர்ந்த ஜெர்மானியரோ பாடிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளும்கூடப் பயப்படவில்லை. நாலு மணிக்கு எழும்புகிற வெஸ்லிக்கோ மரணபயம்! அவருடைய கால அட்டவணையில் ஒரு குறையும் இல்லை. உள்ளே சமாதானம் இல்லை.

சிம்சோனும் அப்படித்தான். எப்போதும்போல எழும்பினான், எப்போதும்போலவே உதறிவிடலாம் என்று நினைத்தான். கர்த்தர் விலகினது அவனுக்குத் தெரியவில்லை. வழக்கம் அப்படியே நடந்துகொண்டிருப்பதால், உள்ளே ஒன்றும் இல்லை என்பது நமக்கே தெரியாமல் போகும். அரைமணி நேரம் ஜெபித்து முடித்தபின், "என்ன ஜெபித்தோம்?" என்று கேட்டால் பதில் வராத நாட்கள் உங்களுக்கு இல்லையா?

1738 மே 24 சாயங்காலம், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு வெஸ்லி மனமில்லாமல்தான் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். எட்டே முக்கால் மணியளவில், கிறிஸ்து தன் பாவங்களையும் நீக்கினார் என்ற நிச்சயம் வெஸ்லியின் உள்ளத்தில் வந்தது. அது அவருடைய எந்த அட்டவணையிலும் இல்லாத நேரம். அதற்காக அவர் அலாரத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. சாகிற வயதுவரை அதே ஒழுங்குதான். அதனால்தான் சுமார் 2,50,000 மைல் பிரயாணம் பண்ண முடிந்தது.

ஒழுங்கு இன்னொரு விதத்திலும் கட்டிப்போடும். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பது முறையல்ல என்று வெஸ்லி வெகுகாலம் பிடிவாதமாயிருந்தார். 1739 ஏப்ரல் 2-ந் தேதி பிரிஸ்டலில் அந்த வெட்கத்தை விட்டு வெளியே நின்று பேசினார். சுமார் 3,000 பேர் கேட்டார்கள். அவர் வழக்கத்தையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அந்த ஜனங்கள் என்ன ஆவார்கள்? நாம் ஜெப அறையில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினால், "இது என் ஜெப நேரம்" என்று திறக்காமல் இருக்கலாமா? எழும்பிப் போய்த் திறவுங்கள்.

அதேசமயம் தானியேலைப் பாருங்கள். கட்டளைப் பத்திரம் கையெழுத்தான அன்று அவன் புதிதாய் ஒரு தீர்மானமும் எடுக்கவேண்டியதாயிருக்கவில்லை. மூன்று வேளை முழங்கால் ஏற்கனவே பழகியிருந்தது. (அவன் எப்போது ஜெபிப்பான் என்று சத்துருக்களுக்கும் தெரிந்திருந்தது, அதை வைத்துத்தானே பிடித்தார்கள்!)

இந்த வாரம் வீட்டில் எல்லாரும் கூடி, எழும்புகிற நேரத்துக்கு முன்னே படுக்கிற நேரத்தைத் தீர்மானியுங்கள். ஷிப்ட் வேலைக்காரருக்கு நாள் தொடங்குவது அவர் கண்விழிக்கிறபோதுதான். அவருடைய அதிகாலை பதினோரு மணியாயிருக்கட்டும். கைக்குழந்தை உள்ள சகோதரிகள் மணியைப் பார்க்க வேண்டாம். பிள்ளை தூங்குகிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாய் ஜெபித்து ஈடுகட்ட முயலாமல், வழக்கமான நேரத்திலேயே மறுபடியும் உட்காருங்கள்.