கடற்பஞ்சு ஆக்கிய பாறை

"கல்லுக்கும் உயிருக்கும் உறவு உண்டா?" என்று நம் வகுப்பறையில் ஒரு வினா எழுந்தது. உண்டு என்பதே விடை. அதனை இங்குக் காண்போம்.

கடலடியில் ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு வாழும் கடற்பஞ்சு, பார்வைக்குச் செடி போன்றது. ஆயினும் அது விலங்கே. உடலிலுள்ள நுண்துளைகளின் வழியே நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்கிறது. அதற்கு எலும்பில்லை. பல வகைக் கடற்பஞ்சுகளின் உடலை மிக நுண்ணிய ஊசிகளே தாங்குகின்றன. அவ்வூசிகளுள் பெரும்பாலானவை, கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவால் ஆனவை.

கடற்பஞ்சு மடிந்ததும் சதை அழியும்; ஊசிகள் எஞ்சும். அவை கடல்தரையில் வீழ்ந்து, நெடுங்காலம் படிந்து, மேலே சேரும் படிவுகளின் பாரத்தால் இறுகிப் பாறையாகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் வட்டாரத்தில், ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவியிருந்த கடல் இத்தகைய பாறையை விட்டுச் சென்றுள்ளது. எடை குறைந்த அப்பாறையை அறுத்துக் கட்டடங்களுக்குப் பயன்படுத்தியுள்ளனர். சில இடங்களில் ஊசிகளின் சிலிக்கா நீரில் கரைந்து, மீண்டும் இறுகிச் சிக்கிமுக்கிக் கல்லாகிறது. ஆதிமனிதன் அக்கல்லைக் கொண்டும் கருவி செய்தான்; தீ மூட்டினான்.

நம் பினாங்கில் இதனைக் காணலாமா? கொடிமலையின் கருங்கல், நிலத்தினடியில் உருகிய குழம்பு ஆறி இறுகியது. அதில் உயிர்ச்சுவடு இராது. ஆனால் அண்டையிலுள்ள கெடாவிலும் வட பேராக்கிலும் இதன் உறவுப் பாறை உண்டு. செமாங்கோல் படிவம் எனப்படும் அதில், சிக்கிமுக்கிக் கல்லின் இனமான செர்ட் என்னும் கடும்பாறை மெல்லிய அடுக்குகளாய்க் காணப்படுகிறது. அதனை ஆக்கியவை கடற்பஞ்சுகள் அல்ல. ரேடியோலேரியா என்னும் ஓரணு உயிர்களின் சிலிக்காக் கூடுகள். அவை 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. இன்று மனிதர் நடமாடும் அந்நிலம் அன்று கடலடி!

பெற்றோர்களே, பிள்ளை ஒரு கல்லைப் பொறுக்கி வந்தால் குப்பையென்று வீசிவிடாதீர்கள். கிடைத்த இடத்தையும் நாளையும் தாளில் எழுதி, கல்லோடு வைக்கச் செய்யுங்கள். இடம் அறியாத கல், முகவரியில்லாத கடிதம். குன்றுகள் வெட்டப்பட்டு மறையும் இக்காலத்தில், சிறுவன் எழுதி வைத்த குறிப்பும் ஒருநாள் பயன்படலாம்.

பால்மரக் காலத்தில் சொட்டுச் சொட்டாகவே மங்கு நிறைந்தது. அதை நம் பெரியோர் அறிவர். கண்ணுக்குத் தெரியாத ஊசிகளும் அவ்வாறே பாறையாயின. நாள்தோறும் சிறிது கற்போம். அதுவும் ஒருநாள் மலையாகும்.