மெட்டு வந்தது, வேலை வரவில்லை

அன்புள்ள யாழினிக்கு,

கல்லூரித் திரைப்பட மன்றத்தில் நீ ரீமேக் படங்களைப் பற்றிப் பேசப் போகிறாயாம். எந்தக் காட்சி மாறியது, எந்த வசனம் மாறியது என்று பட்டியலும் போட்டு வைத்திருக்கிறாயாம். உன் அப்பா சொன்னான். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டிலிருந்து தொடங்கு. வசனத்தை மொழி மாற்றிவிடலாம். கதை எடுத்தவர்களின் கைக்குள் வந்திருக்கிறதா என்பதைப் பாட்டு வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

'தில்லுமுல்லு'வையே எடுத்துக்கொள். 1979-இல் ஹிருஷிகேஷ் முகர்ஜி இந்தியில் எடுத்த 'கோல்மால்', 1981-இல் கே. பாலசந்தர் கையில் தமிழானது. மீசை இல்லாதவன் ஆம்பளையே இல்லை என்று நினைக்கும் முதலாளி. அவரிடம் வேலைக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் இளைஞன், தனக்கு மீசையில்லாத தம்பி ஒருவன் இருப்பதாக இன்னொரு பொய்யை அவிழ்த்துவிடுகிறான். அந்தத் தம்பி முதலாளி மகளுக்குப் பாட்டு வாத்தியார் ஆகிறான். அமோல் பாலேக்கர் இடத்தில் ரஜினி, உத்பல் தத் இடத்தில் தேங்காய் சீனிவாசன். (தேங்காய் மீசையைப் பற்றிப் பேசும்போது முகத்தில் வரும் பக்தியைப் பார். கோயிலில்கூட அவ்வளவு பக்தியைப் பார்க்க முடியாது.)

இந்தக் கதையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தம்பி என்று ஒருவன் கிடையாது, அவள் காதலிப்பதோ அவனைத்தான். அவன் வாயைத் திறந்தால் பொய். அப்புறம் அவள் எதை நம்பி மனசைக் கொடுத்தாள்? அவன் பாட்டை நம்பித்தான். அங்கே வரும் பாட்டில் துளிக்கூட நையாண்டி இருக்கக் கூடாது. இருந்தால் அவள் வெறும் ஏமாளியாகிவிடுவாள், படம் முழுக்கக் கிண்டலாகவே முடிந்துபோகும்.

இந்தியில் ஆர். டி. பர்மன் இதைப் புரிந்துகொண்டுதான் கிஷோர் குமாரை 'ஆனேவாலா பல்' என்று குழையவிட்டார். குல்சார் எழுதிய பாட்டு. கைநழுவிப் போகும் நேரத்தைப் பற்றியது, சிரிப்புக்கு அதில் இடமே இல்லை. தமிழில் எம். எஸ். விஸ்வநாதன் அந்த மெட்டைத் தொடவே இல்லை. கண்ணதாசனின் 'ராகங்கள் பதினாறு' அவர் கையில் வேறு நிறத்தில் வந்தது. எஸ். பி. பாலசுப்ரமணியம் அதைப் பாடும் விதத்தைக் கவனி. நகைச்சுவைப் படத்தில் பாடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது என்று தோன்றும். அடிதடி நாயகனாக அறியப்பட்ட ரஜினி, மீசையை எடுத்துவிட்டுச் சங்கீதக்காரராக வந்தும் தியேட்டர் சிரிக்காமல் கேட்டதென்றால் அந்தக் குரல்தான் காரணம். பர்மன் பாட்டுக்கும் இதற்கும் ஒலியில் ஒட்டுறவில்லை. ஆனால் கதைக்குள் இரண்டும் பார்ப்பது ஒரே வேலை.

இப்போது 2013-க்கு வா. பத்ரி இயக்கத்தில் சிவா நடித்த 'தில்லு முல்லு'. எம்.எஸ்.வி.யும் யுவன் சங்கர் ராஜாவும் சேர்ந்து இசை, 'ராகங்கள் பதினாறு' புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. ஆனால் தம்பி இப்போது பாட்டு வாத்தியார் இல்லை, கராத்தே மாஸ்டர்! காலத்துக்கு ஏற்ற மாற்றம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பாட்டு வகுப்பு போன பிறகு அந்தப் பாட்டுக்குக் கதையில் மாட்டிக்கொள்ள ஆணி இல்லாமல் போனது. கேட்க இனிமை, எடுத்துவிட்டாலும் கதை நடக்கும். 1981-இல் மெட்டை விட்டுவிட்டு வேலையைக் கொண்டுவந்தார்கள், 2013-இல் மெட்டைக் கொண்டுவந்து வேலையை விட்டுவிட்டார்கள்.

அதற்காக மெட்டை அப்படியே எடுத்தாலே தப்பு என்று மேடையில் சொல்லிவிடாதே. 2007-இல் தெலுங்கில் செல்வராகவன் எடுத்த படம்தான் அடுத்த வருஷம் தமிழில் 'யாரடி நீ மோகினி' ஆனது. இரண்டுக்கும் யுவன்தான். அங்கிருந்து மெட்டுகளும் கூடவே வந்தன. காதலில் தடுமாறும் பையனின் கதை இங்கேயும் அதே இடங்களில்தான் திரும்புகிறது, அதனால் உறுத்தவில்லை. உதித் நாராயண் பாடிய 'எங்கேயோ பார்த்த மயக்கம்' ஒன்று போதும், நா. முத்துக்குமாரின் வரிகள் மெட்டோடு எப்படி ஒட்டிக்கொண்டன என்று காட்ட.

மன்றத்தில் இந்த மூன்று தமிழ்ப் படங்களிலும் பாட்டை மட்டும் போடாதே, அதற்கு முந்தைய காட்சியிலிருந்தே ஓடவிடு. அதற்குப் பிறகு நீ விளக்குவதற்கு அதிகம் இருக்காது. நேரம் மிச்சமிருந்தால் பழைய 'தில்லுமுல்லு'வில் கமல் வக்கீலாக வந்து நிற்கும் கடைசிக் காட்சியையும் போடு. பேச்சு சுமாராக இருந்தாலும் அதற்குக் கைதட்டல் நிச்சயம்.

அன்புடன்,
பெரியப்பா