சுவரில் இருக்கும் 14 இலக்கம்

அடுத்த தடவை ஹோட்டலுக்குப் போனா, கல்லாப் பக்கத்துச் சுவரைப் பாருங்க. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்றிதழில் 14 இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். 2 என்றால் சிறு கடைகளுக்கான பதிவு. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டில் ஒன்று கட்டாயம்.

ஆனா அது கடை நடத்த அனுமதி மட்டும்தான். இன்றைய சோற்றுக்கு உத்தரவாதம் வெப்பநிலைதான்: சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ இருக்கணும். நடுவில் விட்டால் கிருமி பெருகும். நேற்று ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியா நச்சு உண்டாக்கியிருந்தால், இன்னைக்கு ஃப்ரைடு ரைஸா வறுத்தாலும் அது அழியாது.

சாப்பிட்டு வயிறு கெட்டுச்சா? முதல்ல டாக்டரைப் பாருங்க. அப்புறம் பில்லையும் அந்த 14 இலக்கத்தையும் சேர்த்து உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்க. அடுத்து அங்கே சாப்பிடப் போறவங்க நம்ம ஜூனியராக்கூட இருக்கலாம்.