சிறு மீன்தொட்டிக்கு ஏற்ற சிக்லிட் மீன்கள்

வீட்டில் அழகுக்காக மீன் வளர்ப்போர் பெரும்பாலும் முதலில் தொட்டியை வாங்குகின்றனர். பின்னர் கடையில் கண்ணுக்கு இனியவையாகத் தோன்றும் மீன்களில் ஐந்தாறு வகைகளைப் பொறுக்கி அதில் விடுகின்றனர். சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த மீன்களைப் பொறுத்தவரை இம்முறை பெரும்பாலும் உயிர்ச்சேதத்திலேயே முடிகிறது. கடையில் விரலளவாக விற்கப்படும் ஆஸ்கார் மீன் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. தன்னுடன் அடைபட்ட சிறு மீன்களை அது உணவென்றே கருதும்.

சிக்லிட் குடும்பத்தில் இதுவரை 1,700-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஆப்பிரிக்காவின் பெரும் ஏரிகளிலும், தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நீர்நிலைகளிலும் இவை மிகுந்துள்ளன. இந்தியாவுக்கு உரியவை மூன்றே இனங்கள். அவற்றுள் கரிமீனை, 2010-ஆம் ஆண்டில் கேரளம் தன் மாநில மீனாக அறிவித்தது.

இக்குடும்பத்தின் சிறப்பியல்பு, முட்டையையும் குஞ்சுகளையும் பெற்றோர் பேணிக் காப்பதாகும். இவற்றின் மூர்க்கத்திற்குக் காரணமும் அதுவே. முட்டையிடத் தேர்ந்த இடத்தைச் சுற்றி ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதனுள் வரும் மீனை இணை துரத்துகிறது. ஆற்றிலோ ஏரியிலோ தோற்ற மீன் விலகி ஓடிவிடும். சண்டை அத்துடன் தீரும். கண்ணாடித் தொட்டியில் ஓடுவதற்கு இடம் ஏது? துரத்தப்பட்ட மீன் மூலையில் ஒடுங்கி, இரையெடுக்காமல், செதில் உதிர்ந்து, துடுப்பு கிழிந்து சில நாட்களில் மடிகிறது. இதனை நோய் என்று எண்ணி மருந்து ஊற்றுவோரும் உண்டு.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். இதன் கொள்ளளவு 54 லிட்டர்; மணலும் கல்லும் இட்டபின் நீர் இன்னும் குறைவாகவே இருக்கும். இத்தகைய தொட்டியில் ஒரே ஒரு சிக்லிட் இனத்தை வைப்பதுதான் முறை. எந்த இனம் என்பதை முடிவு செய்ய வேண்டியது கண் அன்று, வீட்டில் கிடைக்கும் நீர்.

நீர் மென்மையாகவும் சற்றே அமிலத் தன்மையுடனும் இருப்பின், வெனிசூலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோக்கோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ராமிரேசி என்னும் சிறு மீன் பொருந்தும். இது 5 முதல் 7 சென்டிமீட்டர் வரையே வளரும். 27 முதல் 30 டிகிரி உஷ்ணநிலையை விரும்புவதால் நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் இதனை வளர்ப்பது எளிது. குளிர்காலம் கடுமையான ஊர்களில் மட்டும் வெப்பமூட்டி தேவைப்படும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போதும். பெண்ணின் வயிற்றுப் புறம் இளஞ்சிவப்பாக இருப்பது அடையாளம். அதே பகுதியைச் சேர்ந்த கார்டினல் டெட்ரா மீன்கள் ஏழெட்டை உடன் விடலாம். அவை நீரின் நடுமட்டத்தில் அமைதியாக நீந்துவதைக் கண்டால் ராமிரேசிகளும் அச்சம் நீங்கி வெளியே வரும்.

கிணற்று நீர் கடினமாகவும் காரத் தன்மையுடனும் உள்ள வீடுகளில் இம்மீன் நெடுநாள் வாழாது. அங்கே டாங்கனிக்கா ஏரியின் நத்தைக்கூட்டு மீனே தக்கது. மல்டிபேசியாட்டஸ் எனப்படும் இந்த இனத்தின் ஆண் 5 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. பெண் இன்னும் சிறியது. ஏரியின் அடியில் கிடக்கும் வெற்று நத்தைக்கூடுகளே இவற்றின் வீடு, முட்டையிடுவதும் அவற்றினுள்ளேதான். நம் வயல்களிலும் குளங்களிலும் கிடைக்கும் பெரிய நத்தைகளின் வெற்றோடுகளைக் கொதிக்க வைத்துக் கழுவி, நுண்மணல் மீது இட்டால் போதும். மீன்கள் மணலைத் தோண்டித் தங்கள் விருப்பப்படி ஓட்டைப் புதைத்துக்கொள்ளும். சிறு தொட்டியில் ஒரு கூட்டமே பெருகி வாழக்கூடிய சிக்லிட் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று. மூத்த குஞ்சுகளைப் பெற்றோர் விரட்டாமல் குடியிருப்பிலேயே இருக்க விடுகின்றன.

இவ்விரண்டு இனங்களையும் ஒரே தொட்டியில் சேர்க்கலாகாது. ஒன்றிற்கு ஏற்ற நீர் மற்றொன்றிற்குத் துன்பம்.

நம் நாட்டு மீனையே விரும்புவோர் கேரளத்தார் பல்லத்தி என்று வழங்கும் மஞ்சள்நிறச் சிக்லிட்டை நாடலாம். சுமார் 8 சென்டிமீட்டர் வளரும் இம்மீன் கழிமுகங்களிலும் நன்னீரிலும் வாழ்வது. இதன் குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேல் சுரக்கும் வழுவழுப்பான பொருளைக் கொறித்துண்ணும் காட்சி காணத்தக்கது. ஆயினும் இதற்கு 54 லிட்டர் சிறிது. 75 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமுள்ள தொட்டி வேண்டும். இதன் இனமான கரிமீன் பெரிதாக வளர்வதால் வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. உயரமான நீர்ப்பரப்பு வேண்டும் ஏஞ்சல் மீனும், இணை சேர்ந்ததும் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும் மத்திய அமெரிக்கக் கான்விக்ட் மீனும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

எந்த இனமாயினும் புதுத் தொட்டியில் உடனே விடுதல் தவறு. மீன் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். கார நீரில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை மிகுதி. ஆகையால் நத்தைக்கூட்டு மீன் வளர்ப்போர் இதில் மேலும் பொறுமை காட்ட வேண்டும்.

மிகுந்துவிட்ட மீன்களைக் கடையிலோ, வளர்க்கும் நண்பரிடமோ கொடுக்கலாமேயன்றிக் குளத்திலும் ஆற்றிலும் விடுதல் கூடாது. 1952-ஆம் ஆண்டில் உணவு மீனாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியாவும் ஒரு சிக்லிட்டே. அது வளர்ப்புக் குளங்களைக் கடந்து ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பரவி, பல இடங்களில் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.