நார்மண்டியை இழந்த மன்னன்

இங்கிலாந்தையும் பிரான்சையும் பிரிக்கும் கடல் மிக அகன்றதன்று. ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டரே. எனினும், அதன் இரு கரைகளையும் ஒருவனே ஆள்வது எத்துணை அரிது என்பதை ஜான் மன்னன் வரலாறு காட்டும்.

1066-ஆம் ஆண்டில் நார்மண்டிக் கோமகனான வில்லியம் கடல் கடந்து சென்று இங்கிலாந்தை வென்று முடிசூடினான். அவன் வழிவந்தோர் பலர் இங்கிலாந்தில் முடிமன்னராகவும், நார்மண்டியில் பிரெஞ்சு அரசனுக்குக் கீழ்ப்பட்ட கோமக்களாகவும் விளங்கினர். இவ்விரட்டை நிலையே பிற்காலக் கேட்டுக்கு வித்தாயிற்று.

1199-இல் அரியணை ஏறிய ஜான், மறு ஆண்டில், லூசிஞன் குலத்து ஹியூவுக்கு மணம் பேசப்பட்டிருந்த இசபெல்லாவைத் தானே மணந்துகொண்டான். அக்குலத்தார் பிரெஞ்சு அரசன் இரண்டாம் பிலிப்பிடம் முறையிட்டனர். பிலிப் அழைத்தும் ஜான் அவன் மன்றத்துக்குச் செல்லவில்லை. 1202-இல் ஜானின் பிரெஞ்சு நிலங்கள் பறிக்கப்பட்டனவாக அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டே ஜானிடம் சிறைப்பட்ட அவன் தமையன் மகன் ஆர்தர், 1203-க்குப்பின் எவர் கண்ணிலும் படவில்லை. ஜானே கொன்றான் என்று உலகம் நம்பியது. நண்பர் பலர் விலகினர்.

நார்மண்டியின் காவலாகச் சீன் ஆற்றங்கரைக் குன்றின்மேல் நின்றது கயார்டு கோட்டை. முன்னைய மன்னன் ரிச்சர்டு இரண்டே ஆண்டுகளில் எழுப்பியது அது. 1203-இல் பிலிப்பின் படை அதனை வளைத்தது. அருகிலிருந்த ஊரினர் கோட்டைக்குள் புகுந்தனர். உணவு குறையவே, போர்செய்ய இயலாத அவர்களைக் கோட்டைத் தலைவன் வெளியேற்றினான். முதலில் சென்றோருக்கு வழிவிட்ட பிரெஞ்சுப் படை, பின்வந்தோரை மறித்தது. கோட்டையும் திறவாது, பகைவரும் விடாது, பனிக்காலம் முழுவதும் அவ்வேழைகள் இடைவெளியில் பசியால் மடிந்தனர். அவர்கள் செய்த குற்றம் யாது? எஞ்சிய சிலரைப் பிலிப்பே இறுதியில் இரங்கி விடுவித்தான். 1204 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது. ஜூனில் தலைநகர் ரூவன் பணிந்தது. ஜானோ முன்னரே இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டான்.

இரு கரையிலும் நிலம் கொண்டிருந்த பெருமக்கள், எந்த அரசனுக்கு அடங்குவது என முடிவுசெய்ய நேர்ந்தது. இங்கிலாந்தைத் தேர்ந்தோர்க்கு இனி அதுவே தாயகம். அவர்கள் மன்னனும் ஓயாது அவர்களிடையே தங்கி, நார்மண்டியை மீட்கப் பொருள் திரட்டலானான். போருக்கு வாராதோர் செலுத்தும் கேடய வரியைத் தன் ஆட்சியில் 11 முறை விதித்தான். 1207-இல் அசையும் பொருளில் 13-இல் ஒரு பங்கு கேட்டான். அவ்வளவு பொருளும் 1214 ஜூலை 27 அன்று, பூவீன் களத்தில் அவன் துணைவர்கள் தோற்றபோது வீணாயிற்று. வென்றிருந்தால் பெருமக்கள் பொறுத்திருப்பர் போலும்!

தோற்றவன் மீண்டும் வரி கேட்டான். அவர்கள் மறுத்துப் படைதிரட்டினர். 1215 ஜூன் 15 அன்று, தேம்ஸ் ஆற்றோரத்து ரன்னிமீடு புல்வெளியில், 'மாக்னா கார்ட்டா' என்னும் பேருரிமைப் பட்டயத்துக்கு ஜான் இசைந்தான். நாட்டின் பொது ஆலோசனையின்றிக் கேடய வரி விதிக்கலாகாது. சட்டப்படியான தீர்ப்பின்றி எந்தச் சுதந்தரனையும் சிறையிடலாகாது என அது விதித்தது. சில திங்களில் அதனை மீற முயன்று உள்நாட்டுப் போரில் சிக்கிய ஜான், 1216-இல் இறந்தான். அவன் மகன் மூன்றாம் ஹென்றியின் பெயரால் பட்டயம் திருத்தி மீண்டும் வெளியிடப்பட்டது.

நார்மண்டியின்மேலிருந்த உரிமையை அம்மகன் 1259-இல் பாரிசு உடன்படிக்கையால் துறந்தான். கால்வாய்த் தீவுகள் மட்டும் இன்றும் பிரிட்டானிய முடிக்கு உரியன. அங்குள்ளோர் விருந்துகளில் தம் அரசரை 'நார்மண்டிக் கோமகன்' என்றே வாழ்த்துவர்.