பிள்ளைகளோடு பாலைவனத்துக்கு: எந்த வழியாகப் போவது?

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. நாங்கள் ஜோத்பூரில் குடியிருப்பதால், ராஜஸ்தான் கிளம்பும் உறவுக்காரர்கள் எல்லோரும் எங்களைத்தான் அழைப்பார்கள். பெரும்பாலும் முடிவை எடுத்துவிட்டுத்தான் அழைப்பார்கள். "அக்கா, சாம்ல டென்ட் புக் பண்ணியாச்சு. காலையில ஜோத்பூர்ல இறங்கினா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்ல?" மூன்று வயதிலும் ஆறு வயதிலுமாக இரண்டு பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்பது பேச்சின் கடைசியில்தான் தெரியவரும். யாரோ போட்ட ரீல்ஸ், அலுவலக நண்பர் காட்டிய படங்கள், "அவ்வளவு தூரம் போயிட்டு மணல்மேட்டுல ஒரு ராத்திரி தங்காம வர்றதா?" என்று கேட்கும் மாமனார். பயணத்தைத் தீர்மானிப்பவை இவைதான். பிள்ளைகளின் வயிறும் தூக்கமும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. தை மாதத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

வழியைப் பற்றிப் பேசுமுன் மாதத்தைப் பேசிவிட வேண்டும். நம் ஊரில் நீண்ட விடுமுறை மே மாதத்தில் வருகிறது. அந்த மாதத்தில் தார்ப் பாலைவனத்துக்குச் சிறு பிள்ளைகளைக் கூட்டிவரவே கூடாது. 2016 மே 19 அன்று பலோதியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. காரில் ஏசி இருக்கிறதே என்பார்கள். நடுவழியில் டயர் பஞ்சரானால் அந்த அரை மணி நேரம் பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வீர்கள்? காலாண்டு விடுமுறையிலும் பகல் வெயில் கடுமைதான். டிசம்பர் கடைசி வாரத்தில் வெயில் இருக்காது, ஆனால் ஜெய்சல்மேரில் கால் வைக்க இடமிருக்காது. அறை வாடகையும் ஏறிவிடும். பொங்கலை ஒட்டியோ ஜனவரி பிற்பாதியிலோ நாலு நாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லி வருவதுதான் நல்லது. இரவில் குளிர் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கக்கூடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஊரிலிருந்து வந்து சேர்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூருக்கும் மதுரையிலிருந்து பிகானேருக்கும் வாரம் ஒருமுறை ரயில் உண்டு, விமானத்திலும் வரலாம். இங்கே வந்தபின் டிரைவரோடு ஒரு வாடகைக் கார். பெரியவர்களும் கூட வந்தால் இன்னோவா. இதிலெல்லாம் யாரும் தவறுவதில்லை. அதற்குப் பிறகு எந்தச் சாலை என்பதில்தான் தவறுகிறார்கள்.

நான்கு வழிகள் இருக்கின்றன. ஜோத்பூரிலிருந்து போக்ரான் வழியாக ஒரே ஓட்டமாக ஜெய்சல்மேர், அங்கிருந்து சாம் மணல்மேடு. அதே ஜெய்சல்மேருக்கு ஓசியான், பலோதி வழியாக நின்று நின்று போவது. பிகானேரைச் சுற்றியே இருந்துவிடுவது. ராஜஸ்தானையே விட்டுவிட்டு குஜராத்தின் கட்சுக்குப் போவது. பத்தில் எட்டுக் குடும்பங்கள் முதல் வழியைத்தான் பிடிக்கின்றன. என் எதிர்ப்பும் அதற்குத்தான்.

சாம் போகும் நாள் எப்படிக் கழியும் என்று பாருங்கள். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர், அதற்கு மேல் சாம் இன்னும் நாற்பது. சாப்பாட்டுக்கு நின்ற நேரத்தையும் சேர்த்தால் ஏழு மணி நேரம் ஆகிவிடும். நான்கு மணிக்கு முகாமில் இறங்கியதும் பிள்ளை மணலில் உட்கார ஆசைப்படும். ஆனால் சூரியன் சாய்வதற்குள் ஒட்டகமும் ஜீப்பும் முடிந்தாக வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள்.

ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும். மேலே இருப்பவர் சட்டென்று முன்பக்கம் சரிவார். பெரியவர்களே பயந்துபோகும் அந்த நொடியில், முன்னால் உட்கார்த்தி வைத்த பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் செல்போனை வைத்திருக்கும் அப்பாக்களை வருடா வருடம் பார்க்கிறேன். ஒட்டகச் சவாரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. விலங்கு எழுந்து நின்றபின் ஏறும் வசதியுள்ள இடத்தில், ஒட்டகக்காரர் கயிற்றைப் பிடித்து நடத்திப்போக, பத்து நிமிடம் போதும். அதுவே பிள்ளைக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஜீப்பைத்தான் அடியோடு எதிர்க்கிறேன். திறந்த ஜீப், பின்னால் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கம்பி. மேட்டின் உச்சிவரை வேகமாக ஏறி, மறுபக்கம் தூக்கிப் போடுவதுபோல இறங்குவார்கள். பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் இருக்காது. இருந்தாலும் யாரும் போட்டுக்கொள்வதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்துத் தசை பலமில்லாதது. நமக்கு வெறும் குலுக்கலாகத் தெரிவது அந்தக் கழுத்துக்கு அடி. முன்னால் போகும் ஜீப் கிளப்பும் தூசி முழுவதும் பின்னால் வரும் ஜீப்பில் இருக்கும் பிள்ளைகளின் மூக்குக்குள் போகிறது. இழுப்பு இருக்கும் பிள்ளை என்றால் அன்று இரவு அந்தக் குடும்பமே தூங்காது. பெரிய மருத்துவமனைக்கு ஜெய்சல்மேருக்குத்தான் திரும்ப வேண்டும். நாற்பது கிலோமீட்டர் இருட்டுச் சாலை. அந்த இருட்டில் ஒட்டகமும் மாடும் நீல்காயும் குறுக்கே வந்து நிற்கும்.

இரவாகும்போது மேடை நிகழ்ச்சி. மாங்கணியார், லங்கா கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். கமாயிச்சாவின் கரகரத்த நாதத்தை அமைதியான ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் பிள்ளைகள்கூட வாய் மூடிக் கேட்பார்கள். முகாம்களில் அவர்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம்; பிறகு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான், அதற்குள் பிள்ளை அழுது தூங்கியிருக்கும். கேன்வாஸ் கூடாரத்தில் விடியற்காலைக் குளிர் எலும்புவரை ஏறும். பக்கத்து முகாமின் பாட்டு நின்ற பிறகு கண்மூடியவர்களைக் காலை ஆறு மணிக்கே சூரிய உதயம் என்று எழுப்புவார்கள். மறுநாள் காரில் ஏறும் பிள்ளைக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் பாலைவனக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். பாலைவனத்தின் மேல் எந்தப் பிழையும் இல்லை. அந்த ஒரு நாளை அப்படி அமைத்ததுதான் பிழை.

மணல்மேட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஜெய்சல்மேர் நகரத்திலேயே கல் கட்டட விடுதி ஒன்றில் தூங்குங்கள். மாலைக் கூட்டத்தில் போகாமல் காலையில் போங்கள். ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கில் இருக்கும் கூரி கிராமம் சாமைவிட அமைதியானது. விடிந்த வேளையில் மணல் சில்லென்றிருக்கும். இரவில் வண்டுகளும் எலிகளும் ஓடிய தடங்கள் கோலப்புள்ளிகளைப்போல அதன்மேல் பதிந்திருக்கும். எந்தத் தடம் எங்கே போய் வளைக்குள் மறைகிறது என்று தேடத் தொடங்கிய பிள்ளையைக் காருக்குத் திரும்பக் கூட்டிவருவது பெரும்பாடு. அதற்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. அதை மறைக்கப் போவதில்லை. என் பிள்ளைகள் இந்தச் சாலையில்தான் பாலைவனத்தைத் தெரிந்துகொண்டார்கள். ஜோத்பூரில் ஒரு முழு நாள் தங்குங்கள். மெஹ்ரான்கர் கோட்டையை எல்லோரும் பார்ப்பார்கள். அதன் அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா இருப்பது பலருக்குத் தெரியாது. வெளியிலிருந்து வந்து மண்டிய சீமைக் கருவேலத்தை அகற்றிவிட்டு, இந்த மண்ணுக்கே உரிய செடிகளை 2006 முதல் அங்கே வளர்த்திருக்கிறார்கள். சீமைக் கருவேலம் என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். நகருக்கு வெளியே அர்ணா ஜர்ணா என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. நாட்டார் வழக்காற்று அறிஞர் கோமல் கோத்தாரி உருவாக்கியது. அங்கே காட்சிக்கு இருப்பவை விளக்குமாறுகள்! எந்தப் புல்லில் எந்த விளக்குமாறு, அது எந்த வேலைக்கு என்று ஆறு வயதுப் பிள்ளை தானாகவே கேட்கத் தொடங்கும்.

மறுநாள் ஓசியான், சுமார் 65 கிலோமீட்டர். எட்டாம் நூற்றாண்டுக் கோவில்களும் பக்கத்திலேயே சிறிய மணல்மேடுகளும் இருக்கின்றன. வழியெங்கும் வயல்களில் தனித்தனியாக நிற்பவை வன்னி மரங்கள். விருத்தாசலம் கோவிலின் தலமரமும் வன்னிதான். 1730இல் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, கட்டிப்பிடித்து நின்ற பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர்விட்டார்கள். காரை ஓரமாக நிறுத்தி ஒரு வன்னியைத் தொட்டுக்காட்டி அந்தக் கதையைச் சொல்லுங்கள். இரவு பலோதியில் தங்கல்.

பலோதிக்குப் பக்கத்தில் கீச்சன் கிராமம். மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டிவரும் குர்ஜா கொக்குகள் செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச் வரை இங்கே இருக்கின்றன. கொக்கு இனங்களில் இதுதான் மிகச் சிறியது. ஊர்மக்கள் தானியம் இறைத்துவைக்க, காலையில் ஆயிரக்கணக்கில் வானத்திலிருந்து இறங்கும். 2025இல் இந்த இடம் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகள் இறங்க நேரமாகலாம், வட்டமிட்டுவிட்டு அப்பால் போகலாம். சத்தம் போடாமல் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். முடியாது என்று நாம் நினைக்கும் பிள்ளைகள்தான் முதலில் அமைதியாகிறார்கள்.

பலோதியிலிருந்து ஜெய்சல்மேர் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நடுவில் போக்ரான். 1974, 1998 அணுச் சோதனைகள் நடந்த இடத்துக்குள் யாரும் போக முடியாது; ஆனால் இந்த வெயிலில்தான் அப்துல் கலாம் வேலை பார்த்தார் என்று சொன்னாலே பிள்ளைகள் சன்னல் பக்கம் திரும்புவார்கள். ஜெய்சல்மேரில் கோட்டையைவிட, பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் இருக்கும் ஆகல் கல்மரப் பூங்காவை நான் பரிந்துரைப்பேன். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. விழுப்புரம் பக்கம் திருவக்கரையைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் சுவையாக இருக்கும். எல்லைப் பக்கம் தனோட், லோங்கேவாலா போகத் துடிப்பவர்கள் உண்டு. போகவர 240 கிலோமீட்டருக்குக் குறையாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் போகலாம்.

பிகானேர் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஏற்றது. ஒரே விடுதியில் மூன்று இரவு தங்கி, பகலில் சின்னச் சின்னதாக வெளியே போய்வரலாம். 1984இல் தொடங்கிய தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையத்தில் ஒட்டகக் குட்டிகளைக் கிட்டத்தில் பார்க்கலாம், ஒட்டகப்பால் ஐஸ்கிரீம் கிடைக்கும். தேஷ்னோக்கில் எலிகள் ஓடும் கர்ணி மாதா கோவிலுக்குப் பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். வெறுங்காலோடு அங்கே நடக்கப் பிள்ளை மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், ஒருவர் வெளியே இருந்துகொள்ளுங்கள்.

கட்ச் மணல் பாலை கிடையாது, உப்புவெளி. புஜ்ஜிலிருந்து தோர்டோவுக்கு 80 கிலோமீட்டர் போலச் சாலை நேராக ஓடுகிறது, வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு நல்லது. தோலாவிராவின் ஹரப்பா கால நீர்த்தேக்கங்கள் எட்டு வயதைத் தாண்டியவர்களுக்குப் பிடிக்கும். அதற்குக் கீழே என்றால் வெள்ளை வெளியின் கூச்சமும் நிழலின்மையும் சீக்கிரம் சோர்வாக்கிவிடும்.

இவற்றில் எது உங்களுக்கு என்பதற்கு உங்கள் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். மணலைத் தோண்டிக்கொண்டே இரண்டு மணி நேரம் இருக்கும் பிள்ளை உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக ஏதாவது கேட்கும் பிள்ளையும் உண்டு. அதைப் பார்க்கத் தெரிந்த பெற்றோர் பக்கத்து வீட்டுப் படங்களைப் பார்த்து அலைய மாட்டார்கள். படிப்பிலும் பாட்டு வகுப்பிலும் நாம் செய்வதும் இதைத்தான். இன்னொரு பிள்ளைக்குப் பொருந்தியதை நம் பிள்ளையின் மேல் போட்டுவிட்டு, அது வாடும்போது அதையே குறை சொல்கிறோம். பிள்ளையின் இயல்பு தெரிய நேரம் எடுக்கும், அந்த நேரத்தை நாம் கொடுத்தாக வேண்டும். விடுமுறையில்கூடக் கொடுக்கவில்லை என்றால் எப்போது கொடுப்போம்?

பொறுமைக்கு இங்கே ஒரு விலையும் உண்டு. வெளியூர்க் கார்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு வாடகை வாங்குவது வழக்கம். அந்தப் பணம் வீணாகிறதே என்றுதான் பலர் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், இருட்டும் முன் விடுதியில் இருங்கள், மிச்சக் கிலோமீட்டருக்கான பணத்தைக் கொடுத்துவிடுங்கள். குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுவாருங்கள், வாடகைக் காரில் அநேகமாக இருக்காது. வறண்ட காற்றில் மூக்கில் ரத்தம் வரலாம். தேங்காய் எண்ணெய் ஒரு சிறு புட்டி, ஓஆர்எஸ் பொட்டலங்கள், காதை மூடும் குல்லாய் மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். பலோதியில் நல்ல அறைகள் குறைவு. ஜனவரியில் பறவை பார்க்க வருகிறவர்கள் முந்திக்கொள்வார்கள் என்பதால், ரயில் சீட்டு எடுக்கும் அன்றே அங்கே ஓர் அறைக்குச் சொல்லிவிடுங்கள்.